டிக்கெட்டுக்குப் பிறந்தநாள்

தி. நகரில் நான் வேலை பார்த்த பட்டுச் சேலைக் கடையில், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த அடுத்த வாரம், வருஷா வருஷம் ஒரு பிறந்தநாள் நடக்கும். மூன்றாவது மாடியில், ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டும் சின்ன அறையில், ஆளுக்கொரு தொன்னை ரவா கேசரி. பிறந்தநாள் மனுஷருக்கு இல்லை. ஒரு புகாருக்கு.

கடையின் பில், ஸ்டாக், சம்பளம் எல்லாவற்றையும் ஓட்டும் மென்பொருளை ஒரு பெரிய கம்பெனி விற்றிருந்தது. அதில் ஏதாவது கோளாறு என்று நாம் எழுதினால் அவர்கள் அதற்கு ஒரு எண் கொடுப்பார்கள். அதுதான் டிக்கெட். கோளாறு தீர்ந்ததும் டிக்கெட்டை மூடுவார்கள். தீராவிட்டாலும் மூடுவார்கள் என்பது போகப் போகத் தெரியும். எங்கள் கடையில் ஒரே ஒரு டிக்கெட்டை மட்டும் அவர்களால் மூடவே முடியவில்லை. மூடவிடாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர் இருந்தார்.

கடையில் அவருக்குப் பெயரே கிடையாது. வாட்ச்மேனிலிருந்து முதலாளிவரை எல்லோருக்கும் அவர் 'சிஸ்டம் அக்கா'. கல்யாணப் பட்டுப் பிரிவில் நின்ற ஏழுமலை அண்ணன் அவரைவிடப் பத்து வயசு மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மயிலாப்பூரில் கச்சேரி ரோடுப் பக்கம் அக்காவுக்கு வீடு. அம்மாவோடும் தங்கையோடும் போனில் உருதுவில் பேசுவார், எங்களோடு தமிழில். கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிடும்போது மட்டும் எந்த மொழியிலும் பேச மாட்டார். தலைத் துணிக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிவிட்டு, 'தயவுசெய்து காத்திருங்கள்' என்ற இசை உள்ளே ஓடிக்கொண்டிருக்க, பிரிண்டரைப் பிரித்துச் சுத்தம் செய்வார், டீ போடுவார், மூன்று மாடி ஏறி இறங்குவார். மறுமுனையில் மனுஷக் குரல் வந்தால் சட்டென்று நின்று, யாரோ பெண் பார்க்க வந்துவிட்டதுபோல் துணியைச் சரி செய்துகொள்வார்.

நான் சேர்ந்தது இருபத்து மூன்று வயசில். நங்கநல்லூரிலிருந்து ரயில் பிடித்து மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி வருவேன். அந்தக் கம்பெனிமேல் எனக்கு அப்போது பக்தி. அவர்கள் நடத்திய சான்றிதழ்த் தேர்வு எழுதி, அதற்குக் கொடுத்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டே முதல் நாள் வேலைக்குப் போனேன். நெஞ்சில் அவர்களுடைய லோகோ. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சம்பந்தி வீட்டுச் சீரா?" என்றார்.

அந்தக் கம்பெனியை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எப்போதும் 'சம்பந்தி வீடு'தான். காரணமும் சொல்வார். நட்சத்திர ஹோட்டலில் சாப்பாடு போட்டு, திரையில் படம் காட்டி, சின்ன முதலாளியிடம் கையெழுத்து வாங்கும்வரை வாரம் ஒருமுறை தட்டோடு வந்தார்களாம். தாலி கட்டியதும் ஆளைக் காணோம். போன் பண்ணினால், எந்த ஊர்ப் பெண் என்று புதிதாக விசாரிக்கிறார்கள். திரும்பி வந்துவிடலாமே என்று நான் கேட்டேன். வேறு மென்பொருள் வாங்கினால் ஆயிற்று.

"எப்படி வர்றது? பொண்ணு அங்க இருக்குதே," என்றார் அக்கா. பொண்ணு என்றால் கடையின் பத்து வருஷத் தகவல்கள். எல்லாம் அவர்கள் பெட்டிக்குள், அவர்கள் மட்டும் படிக்கிற பாஷையில்.

முதல் வாரமே நான் ஒரு சாதனை செய்தேன். பழைய டிக்கெட்டுகள் நாற்பதுக்கு மேல் திறந்தே கிடந்தன. எனக்குக் கை அரித்தது. ஒரு நாள் காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடி, காலிப் பட்டியலை அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அக்கா திட்டவில்லை. கீழே இறங்கிப் போய் ஒரு ரோஸ் மில்க் குடித்துவிட்டு வந்தார். பிறகு போனைக் காதில் செருகினார். மற்றதெல்லாம் போகட்டும், அந்த ஒன்று மட்டும் திரும்பத் திறக்க வேண்டும் என்றார். புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன்.

"புதுசு போட்டா வயசு போயிடுமே. ரெண்டு வருஷம் வளத்திருக்கேன்."

காலை பதினொன்றரைக்குத் தொடங்கி மாலை ஐந்துக்குத் திறந்தார்கள். எட்டுப் பேரிடம் பேசியிருப்பார். எட்டுப் பேரும் மூடியதைத் திறக்க விதியில்லை என்றார்கள். எட்டுப் பேரிடமும் அவர் ஒரே குரலில், கோபமே இல்லாமல், "அப்படியா, உங்களுக்கு மேல யாரு?" என்று கேட்டார். அக்காவின் மொத்தக் குணமும் அந்த ஒரு கேள்விதான் என்று எனக்குப் பிறகு தோன்றியிருக்கிறது.

இந்தக் குணம் ஆபீஸோடு நிற்காது. ஒருமுறை அவர் வீட்டு பிரிட்ஜ் ரிப்பேர். மெக்கானிக் வந்து எதையோ முடுக்கிவிட்டு, ஆயிடுச்சும்மா, போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க, வேலையை முடிச்சிக்கறேன் என்றிருக்கிறார். ஐஸ் கட்டட்டும், சொல்றேன் என்றாராம் அக்கா. தட்டில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்துவிட்டு, மெக்கானிக்கை ஹாலில் உட்கார வைத்தார். அவர் அக்காவின் அம்மாவோடு சேர்ந்து ஒரு சீரியல் பார்த்தார். பிரியாணி சாப்பிட்டார். இரண்டரை மணி நேரம் கழித்து ஐஸ் கட்டியது. அக்கா அதிலிருந்து இரண்டு கட்டியை எடுத்து அவருக்கே எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடிபி சொன்னார். அந்த மெக்கானிக் இன்றைக்கும் ரம்ஜானுக்கு வாழ்த்து அனுப்புகிறாராம்.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன்.

பட்டுக் கடையில் பச்சை என்று ஒரு நிறம் கிடையாது. கிளிப்பச்சை உண்டு, இலைப்பச்சை உண்டு, பாசிப்பச்சை, பாட்டில் பச்சை உண்டு. பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் போட்டு நெய்தால் மயில் கழுத்து வரும். இப்படித் திருப்பினால் பச்சை, அப்படித் திருப்பினால் நீலம். மென்பொருளிலோ மொத்தம் பதினாறு நிறம். ஒரு சேலைக்கு ஒரு நிறம்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதில் பச்சை ஒன்று, நீலம் ஒன்று. 'பட்டியலை நீட்டுங்கள், ஒரு சேலைக்கு இரண்டு நிறம் போட வழி செய்யுங்கள்' என்பதுதான் அக்காவின் டிக்கெட். கூடவே ஒரு மயில் கழுத்துச் சேலையின் படம்.

பதில் வந்தது. 'இந்த மடல் உங்களை நலமாகச் சந்திக்கும் என்று நம்புகிறோம். படத்தில் நிறம் தெளிவாக இல்லை. மீண்டும் அனுப்பவும்.' அனுப்பினார். பிரவுசரைச் சுத்தம் செய்து பார்த்தீர்களா என்று கேட்டார்கள். செய்தார். ஆள் மாறினார். புது ஆள் நலம் விசாரித்துப் படம் கேட்டார். டிக்கெட்டின் தலையில் மட்டும் எப்போதும் ஒரே வரி: 'வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.' அக்காவைச் சீண்டிய ஒரே வரி அதுதான். நான் பதில் சொல்லிட்டேன், காத்திருக்கறது நானு, இவங்க எதுக்குக் காத்திருக்காங்க என்பார்.

மூன்றாவது பிறந்தநாளுக்குக் கேசரி தரும்போது, குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்கணும், டொனேஷன் இல்லாத ஸ்கூலா பாரு என்று என்னிடம் சொன்னார்.

இடையில் கடை எப்படி ஓடியது என்றால், ஏழுமலை அண்ணனின் அட்டையால். தீப்பெட்டி அளவு அட்டையில் 'ம.க.', 'கி.ப.' என்று எழுதி, சேலை மடிப்பில் நூலால் கட்டிவிடுவார். கிடங்குப் பையன்கள் அதைப் பார்த்துத்தான் சேலை எடுத்தார்கள். காகிதமே இல்லாத கடை என்று பேட்டி கொடுத்திருந்த சின்ன முதலாளி அட்டைக்குத் தடை போட்டிருந்தார். அந்த அட்டைகளுக்கு நூல் வாங்கித் தந்ததே அக்கா என்பது அவருக்குத் தெரியாது.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் ஸ்டாக் எடுத்தபோது, ஏழுமலை அண்ணன் பிரிவில் ஒரு சேலை குறைந்தது. கணக்கில் பச்சை பதினான்கு. அலமாரியில் பதின்மூன்று. விலை கூடிய கல்யாணச் சேலை. பட்டினப்பாக்கத்திலிருந்து பத்தொன்பது வருஷமாக அந்தக் கடைக்கு வருகிற மனுஷரைச் சின்ன முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"வூட்டுக்குப் போயி இன்னான்னு சொல்றது? நான் எத்துக்கினு போயி இன்னா பண்ணப் போறேன் அந்தச் சேலைய?" என்றார். யாரும் அவர் எடுத்ததாகச் சொல்லவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் சேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அக்காவும் நானும் ஒரு பகல் முழுக்கத் தோண்டினோம். பார்கோடு டிசைனுக்குத்தான். நிறத்தை பில் போடும் பெண் லிஸ்டில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மயில் கழுத்தை ஸ்டாக்கில் ஏற்றியவர் பச்சை என்று ஏற்றியிருக்கிறார். விற்றபோது டியூப் லைட் வெளிச்சத்தில் அது நீலமாகத் தெரிந்திருக்கிறது. நீலம் என்று பில் போட்டாயிற்று. அந்த டிசைனில் நீலம் கையிருப்பில் ஏற்கெனவே பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாத மென்பொருள், பில்லை அச்சடித்துக் கொடுத்துவிட்டு எதையும் கழிக்காமல் விட்டுவிட்டது. சேலை கல்யாணம் முடிந்து யார் வீட்டுப் பீரோவிலோ இருக்க, கணக்கில் பச்சையாகக் கடையிலேயே உட்கார்ந்திருந்தது.

அக்கா இதைப் படிப்படியாக எழுதி டிக்கெட்டில் போட்டார். அவசரம், ஒருவர் வேலை போகப் போகிறது என்றும் எழுதினார். மறுநாளே பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் அவர்கள் பதில் போட்டதே இல்லை. 'மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்குகிறது. இந்த டிக்கெட்டை மூடலாமா?'

சின்ன முதலாளி அந்த முதல் வரியை அச்சடித்து மேஜையில் வைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய கம்பெனி சொல்கிறது, மென்பொருள் சரி. அப்படியென்றால் யார் தப்பு? எனக்கு அப்போதுதான் முதல் முறையாக அந்த டீ-ஷர்ட் உறுத்தியது. டிக்கெட்டை மூடினால் அந்த வரிதான் கடைசி வரி. நிரந்தரமாக.

சனிக்கிழமை வந்தது. கம்பெனியின் விற்பனை அதிகாரி அன்றைக்குக் குடும்பத்தோடு கடைக்கு வருகிறார் என்று சின்ன முதலாளி சொன்னார். அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் வேறு. நல்லபடியாகக் கவனிக்க வேண்டும்.

அக்கா நேராகக் கிடங்குக்குப் போய், இன்று ஒரு நாள் எல்லாச் சேலையிலிருந்தும் அட்டையைக் கழற்றச் சொன்னார். முதலாளி உத்தரவுதானே அது. யார் எந்தச் சேலை கேட்டாலும் சிஸ்டம் சொல்கிறபடி எடுங்கள், ஒரு எழுத்து மாறாமல் என்றார்.

அதிகாரியின் மனைவி நல்ல ரசனைக்காரர். கண்ணாடி ஷோகேஸில் இருந்த மயில் கழுத்தைக் காட்டி, இதே நிறம், இதைவிட அகலமான அரக்குக் கரையில் வேண்டும் என்றார். ஏழுமலை அண்ணன் திரையைப் பார்த்து, கிடங்கில் பச்சை ஒன்பது இருப்பதாகச் சொன்னார். ஒன்று வரச் சொன்னார்கள். இரண்டு தெரு தாண்டிக் கிடங்கிலிருந்து பையன் சுமந்து வந்தது கிளிப்பச்சை. இது இல்லை என்றார் அம்மா. அடுத்து பாட்டில் பச்சை. அடுத்து பாசி. ரோஸ் மில்க் வந்தது, பிறகு காபி வந்தது. அதிகாரி போனைப் பார்த்து வாட்சைப் பார்த்தார். ஐந்தாவது நடைக்குப் பையன் வேர்வையோடு இலைப்பச்சையைப் போட்டான்.

"ஏங்க, மயில் கழுத்துன்னு கம்ப்யூட்டர்ல போட்டு வச்சா ஆகாதா?" என்றார் அம்மா.

"போட்டா எடுத்துக்காதும்மா," என்றார் ஏழுமலை அண்ணன். "அதுக்கு ஒலகத்துல பதினாறு கலர்தான் கீது."

"எந்தப் புத்திசாலி செஞ்சான் இத?"

அம்மா எட்டித் திரையைப் பார்த்தார். மூலையில் லோகோ. அந்த லோகோவை அவர் தன் வீட்டுக் குடையில், தண்ணீர் பாட்டிலில், காலண்டரில், துண்டில் எல்லாம் தினம் பார்ப்பவராக இருக்க வேண்டும். கணவர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். நான் அந்தப் பார்வையை என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை, அப்பா சீட்டுக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு.

ஏழாவது நடையில் மயில் கழுத்து வந்தது. அரக்குக் கரை. அம்மா முகம் மலர்ந்தது. பில் போடும் பெண் டியூப் லைட்டுக்கு அடியில் சேலையைப் பார்த்து, நீலம் என்று அழுத்தினாள். பில் வந்தது. சேலை பைக்குள் போனது. சின்ன முதலாளி வணக்கம் சொல்ல எழுந்தார்.

அப்போதுதான் அக்கா திரையை அதிகாரி பக்கம் திருப்பினார்.

"சார், பச்சை ஒம்பது இருந்துச்சு. ஒண்ணு மேடம் கையில இருக்கு. கணக்குல இன்னும் ஒம்பதுதான் காட்டுது. நாளைக்கு எண்ணினா ஒண்ணு குறையும்." குரலில் கோபமே இல்லை. "மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்குதுன்னு உங்க ஆபீஸ் எழுதியிருக்காங்க. அப்ப சேலைய யார் எடுத்ததுன்னு எழுதட்டும்?"

அம்மா பையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஏனென்று அவருக்கே தெரியாது. அதிகாரி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சின்னக் கோளாறுதான், நான் பேசுகிறேன் என்றார்.

"பேச வேணாம் சார். டிக்கெட்ல எழுதிடுங்க. நான் இருக்கேன், அவசரமில்ல."

அவர் அங்கேயே பில் கவுண்டரில் நின்று போனில் தட்டினார். மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையையும் சரிபார்த்தார். 'இது எங்கள் மென்பொருளின் குறை.' அந்த வரியை அக்கா அச்சடித்து, சின்ன முதலாளி மேஜையில் பழைய வரிக்கு மேலே வைத்தார். ஏழுமலை அண்ணன் திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். அட்டைக்கு இருந்த தடை போனது. மென்பொருள் மாறவில்லை. அடுத்த பதிப்பில் சரியாகும், டிக்கெட்டை மூடலாமா என்று கேட்டு வந்த மடலுக்கு அக்கா போட்ட பதில், ஐஸ் கட்டட்டும்.

அதற்கடுத்த வருஷம் எனக்கு வேறு வேலை கிடைத்தது. எங்கே என்று சொல்ல நாக்கு வரவில்லை. அடையாறு தாண்டி, கண்ணாடிக் கட்டடம், அதே லோகோ. சம்பந்தி வீட்டுக்கே மருமகளாகப் போகிறாயா என்று அக்கா கேட்டுச் சிரித்தார். கடைசி நாள் எனக்கு ஒரு கைத்தறிச் சேலை கொடுத்தார். மடிப்பில் அட்டை கட்டியிருந்தது. 'வெ.ச.' வெங்காயச் சருகு நிறம்.

இங்கே உள்ளே வந்து பார்த்தால் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் ஏமாற்றம். எங்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண் எத்தனை டிக்கெட் மூடினோம் என்பதற்கு, எத்தனை தீர்த்தோம் என்பதற்கு இல்லை. படம் கேட்டு எழுதினால், பதிலுக்குக் கெடு எண்ணும் கடிகாரம் நம் பக்கம் நின்று வாடிக்கையாளர் பக்கம் ஓடும். அதனால் எல்லோரும் படம் கேட்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன், யாரோ ஒரு ஊர் அக்காவிடம்.

போன வாரம் என் வரிசையில் பழைய டிக்கெட்டுகள் கொத்தாக விழுந்தன. மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். ஐந்தாவதாக அது இருந்தது. எண்ணைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, வீட்டு நம்பர் மாதிரி. 'வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.'

என் டீம் லீட் நல்லவன். பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தான். "மச்சி, அவங்க பக்கம்தானே நிக்குது. மூடிடு, உன் லிஸ்ட் காலி."

நான் கீழே, கீழே, முதல் மடல்வரை இறங்கினேன். மயில் கழுத்துச் சேலை. இரண்டு நிறமும் தெரியட்டும் என்று ஒரு மடிப்பைத் திருப்பி வைத்து எடுத்த படம். ஓரத்தில் ஏழுமலை அண்ணனின் கட்டை விரல். அதற்கு மேலே, படம் தெளிவாக இல்லை என்ற எங்கள் பதில், பதினொரு பெயர்களில், பதினொரு முறை.

பன்னிரண்டாவதாக நான் எழுதினேன். 'படம் தெளிவாக இருக்கிறது. சேலையில் இரண்டு நிறம் தெரிகிறது. எங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை.' பிறகு தலையில் இருந்த வரியை மாற்றினேன். 'எங்கள் பதிலுக்காக வாடிக்கையாளர் காத்திருக்கிறார்.' கடிகாரம் சிவப்பாகி எங்கள் பக்கம் ஓட ஆரம்பித்தது. இன்னா மச்சி பண்ணின என்று டீம் லீட் தலையில் கை வைத்தான். இதற்கு மேலே யாரு என்று நான் அவனைக் கேட்டேன்.

கால் மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது.

'இந்த மடல் உங்களை நலமாகச் சந்திக்கும் என்று நம்புகிறேன். குழந்தை இந்த வருஷம் இரண்டாம் வகுப்பு. இனி வீட்டுப்பாடம் உங்கள் பொறுப்பு.'

கீழே ஒரு படம் இணைத்திருந்தார். தொன்னையில் கேசரி. நிறம் நன்றாகவே தெரிந்தது.